பழைய இங்கிலீஷ் இரட்டைக்குழல் துப்பாக்கி: பெயரைப் பார்க்காதீர்கள், குழலைப் பாருங்கள்

துரைமார் காலத்தில் ரப்பர் தோட்டங்களுக்கு வந்த இங்கிலீஷ் வேட்டைத் துப்பாக்கிகள் மலேசியாவில் இன்னும் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கைமாறுகின்றன. வெப்லி அண்ட் ஸ்காட், கிரீனர், பி.எஸ்.ஏ என்று பெயர் பொறித்த 12 போர் (போர் என்பது குழலின் உள்விட்ட அளவு) துப்பாக்கிகள் அவை. கோலாலம்பூரில் வீடும் பகாங்கில் டுரியான் தோட்டமும் வைத்திருக்கும் ஒருவர், பன்றித் தொல்லை தாங்காமல் இப்படியொன்றைத் தேடத் தொடங்குவார். விற்பவர் கட்டையின் மெருகையும் செதுக்கு வேலையையும் காட்டுவார். அவை இரண்டும் உங்கள் கையையும் கண்ணையும் காப்பாற்றாது. காப்பாற்றுவது குழல்தான்.

குழலுக்கு முன்பாகக் காகித வேலை. 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 7 ஆண்டு வரை சிறை, 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். 1971-ஆம் ஆண்டின் கூடுதல் தண்டனைச் சட்டத்தில் வழக்குப் போட்டால் சிறை 14 ஆண்டு வரை போகும், பிரம்படியும் உண்டு. "பழசுதானே, சுவரில் மாட்டத்தானே" என்று நீங்களாகவே முடிவு கட்டிவிடாதீர்கள். முதலில் போலீஸைக் கேளுங்கள். விண்ணப்பத்தில் காரணம் தெளிவாக இருக்கட்டும். தோட்டம் என்றால் நிலப் பத்திரமும், குறிசுடும் சங்கம் என்றால் உறுப்பினர் ஆவணமும் கையில் இருக்கட்டும். உரிமம் வரும்வரை துப்பாக்கி விற்பவரிடமோ உரிமம் பெற்ற கடையிலோதான் இருக்க வேண்டும். அவர் முன்னிலையிலேயே சோதித்துப் பாருங்கள். முன்பணம் கொடுப்பதானால், உரிமம் மறுக்கப்பட்டால் பணம் திரும்ப வரும் என்று எழுதி வாங்குங்கள். பன்றியானாலும் வேட்டைக்கு வனவிலங்குத் துறையின் அனுமதி தனி. துப்பாக்கி உரிமத்தோடு அது சேர்ந்து வராது.

எண்களையும் அப்போதே பாருங்கள். குழலிலும் உடற்பகுதியிலும் முன்கட்டையிலும் ஒரே தொடர் எண் இருக்க வேண்டும். வேறு துப்பாக்கியின் குழலைப் பொருத்தியிருந்தால் இரண்டு சிக்கல்: பொருத்தம் சரியாக இருக்காது, உரிமத்தில் உள்ள எண்ணோடு ஒத்தும் வராது.

புரூஃப் முத்திரையைப் படிப்பது

முன்கட்டையைக் கழற்றிக் குழலைத் தனியே எடுத்துத் திருப்புங்கள். தோட்டா அறைக்குக் கீழே இரண்டு தட்டையான பரப்புகள் தெரியும். முத்திரைகள் அங்கேதான். பிரிட்டனில் துப்பாக்கியை விற்கும் முன் லண்டனிலோ பர்மிங்காமிலோ உள்ள புரூஃப் நிலையத்தில் அதிக மருந்து வைத்துச் சுட்டுச் சோதிக்க வேண்டும் என்பது சட்டம். பர்மிங்காம் நிலையம் 1813-இல் தொடங்கியது. லண்டனில் அந்த வேலை அதற்கும் முந்தியது.

முதலில் தேட வேண்டியது நைட்ரோ புரூஃப், அதாவது இன்றைய புகையற்ற மருந்துக்குச் சோதித்ததன் முத்திரை. கிரீடத்தின் கீழ் என்.பி என்றோ, 1954-க்குப் பிந்தைய பர்மிங்காம் குழலில் பி.என்.பி என்றோ இருக்கும். லண்டன் முத்திரையில் வாள் ஏந்திய கையின் கீழ் என்.பி. இவை எதுவும் இல்லையென்றால் அந்தக் குழல் கருமருந்துக்கு மட்டுமே சோதிக்கப்பட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். இன்று கடையில் கிடைக்கும் தோட்டாவை அதில் போடவே கூடாது. இரும்பையும் எஃகையும் முறுக்கிச் செய்த, அலை அலையாகக் கோலம் தெரியும் டமாஸ்கஸ் குழல்களில் பல இந்த வகை. நைட்ரோ புரூஃப் பெற்ற டமாஸ்கஸும் உண்டு. ஆனால் முத்திரை இல்லாத ஒன்றை, "அப்பா காலத்தில் சுட்டோம், ஒன்றும் ஆகவில்லை" என்ற பேச்சை நம்பி வாங்காதீர்கள். அப்பா போட்டது கருமருந்துத் தோட்டாவாக இருந்திருக்கலாம்.

அடுத்தது தோட்டா அறையின் நீளம். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பழைய இங்கிலீஷ் 12 போரில் வழக்கமான அறை 2½ அங்குலம், அதாவது 65 மி.மீ. இன்று கடையில் பரவலாகக் கிடைப்பது 70 மி.மீ தோட்டா. தோட்டாவில் அச்சிட்டிருக்கும் நீளம், சுட்டபின் மடிப்பு விரிந்த நிலையில் உள்ள நீளம். சுடாத 70 மி.மீ தோட்டா மடிப்போடு சுமார் 58 மி.மீதான் இருக்கும். ஆகவே 65 மி.மீ அறைக்குள் அது சிக்கலின்றி நுழையும், துப்பாக்கியும் சுகமாக மூடும். எச்சரிக்கும் அடையாளம் எதுவும் வெளியே தெரியாது. சுட்டதும் மடிப்பு விரிந்து, அறை ஒடுங்கிக் குழலாக மாறும் இடத்துக்குள் 5 மி.மீ நீட்டிக்கொள்ளும். அங்கே முழுதாக விரிய இடமில்லாததால் ஈயமும் அடைப்பும் நெருக்கிக்கொண்டு வெளியேற, அழுத்தம் ஏறுகிறது. அந்தத் தோட்டாவின் மருந்தே பழைய குழல் சோதிக்கப்பட்ட அளவுக்கு மேல் இருந்தால் ஆபத்து இரட்டிப்பு.

அறையின் நீளத்தைக் கட்டாயம் பொறிக்க வேண்டும் என்பது 1925 விதிகளில்தான் வந்தது. வைரக் கட்டத்துக்குள் 12, அதன் கீழ் சி என்று மட்டும் இருந்தால் அறை 3 அங்குலத்துக்குக் குறைவு என்றுதான் பொருள். 2½ என்று எடுத்துக்கொள்ளுங்கள். 1954-க்குப் பின் அழுத்த அளவும் சேர்ந்தது: 2½ அங்குல அறைக்குப் பொதுவாகச் சதுர அங்குலத்துக்கு 3 டன், 2¾ அங்குல அறைக்கு 3¼ டன். மலேசியாவில் வாங்குபவருக்கு 2¾, 3¼ டன் என்று பொறித்த துப்பாக்கியே நல்லது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த வெப்லி 700 வகையில் அத்தகையவை கிடைக்கும். 2½ என்றால், 65 மி.மீ அறைக்கு ஏற்றது என்று பெட்டியிலேயே எழுதியிருக்கும் தோட்டா உங்களுக்குத் தொடர்ந்து கிடைக்குமா என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

முத்திரையை நம்பினாலும் அறையை அளவுகோல் வைத்து அளந்துவிடுங்கள். முத்திரை 2½ என்று சொல்லி அளவு 70 மி.மீ வந்தால், யாரோ அறையைக் குடைந்து நீட்டியிருக்கிறார்கள். அழுத்தம் உச்சத்தில் இருக்கும் இடத்தில் உலோகத்தைக் குறைத்துவிட்ட குழல் அது. மறுபடி புரூஃப் ஆகாதவரை பழைய முத்திரை செல்லாது.

குழலின் உள்ளும் புறமும்

12 போரின் பெயரளவு விட்டம் 0.729 அங்குலம். 1954-க்குப் பிந்தைய குழலில் அந்த எண்ணே பொறித்திருக்கும். அறைப்பக்க முனையிலிருந்து 9 அங்குலம் உள்ளே போர் அளவுகோலால் அளந்து, பொறித்ததைவிட ஆயிரத்தில் 10 பங்கு அங்குலம் கூடியிருந்தால் அந்தக் குழல் புரூஃபை இழந்துவிட்டது. துருக் குழிகளை மறைக்க உள்ளே தேய்த்துப் பளபளப்பாக்கும் வழக்கம் உண்டு. அதனால் கண்ணாடிபோல் மின்னும் குழலைக் கண்டு மகிழாமல் அளவுகோலை எடுங்கள்.

குழல் சுவரின் கனம் அதைவிட முக்கியம். சுவர் அளவுமானியால் குழல் நெடுகச் சுற்றி அளக்க வேண்டும். எந்த இடத்திலும் ஆயிரத்தில் 20 பங்கு அங்குலத்துக்கு, ஏறக்குறைய அரை மி.மீட்டருக்குக் குறையக் கூடாது. ஒரு பக்கம் 30, எதிர்ப்பக்கம் 17 என்று வரும் குழல்களும் உண்டு. சராசரி பார்த்துச் சமாதானம் ஆகாதீர்கள். இந்த அளவுமானி இல்லாத பழுதுபார்ப்பவரின் "நல்ல குழல்" என்ற சான்றுக்கு மதிப்பில்லை.

பிறகு குழலை வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து மெல்லச் சுழற்றுங்கள். உள்ளே தெரியும் ஒளி வளையங்கள் வட்டமாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் வளையம் நெளிந்தால் வெளியிலிருந்து நசுங்கியிருக்கிறது; கைதேர்ந்தவர் அதைத் தூக்கிவிடலாம். இருண்ட வளையம் முழுச் சுற்றாகத் தெரிந்தால் குழல் உப்பியிருக்கிறது. வாயில் சேறோ அடைப்போ இருந்தபோது சுட்டதன் அடையாளம் அது, விட்டுவிடுங்கள்.

இரண்டு குழலுக்கும் நடுவே ஓடும் பட்டையைச் சோதிக்க, குழலை அடிக்கொக்கியில் ஒரு விரலால் தொங்கவிட்டு நகத்தால் சுண்டுங்கள். கோயில் மணிபோல் நீண்டு ஒலித்தால் ஈயப்பற்று உறுதி. கரகரத்து உடனே அடங்கினால் பட்டை எங்கோ விட்டிருக்கிறது, அதன் அடியில் ஈரம் புகுந்து துரு தின்றுகொண்டிருக்கலாம். இதே காரணத்தால்தான் கொதிக்கும் கார உப்பில் முக்கிக் கறுப்பேற்றும் வேலைக்கு இரட்டைக்குழலைக் கொடுக்கவே கூடாது: அந்தக் கரைசல் ஈயப்பற்றை அரித்துவிடும். இவற்றுக்கு மெதுவாகத் துருவேற்றிக் கறுப்பாக்கும் பழைய முறைதான்.

உடற்பகுதிக்கு வருவோம். முன்கட்டையைக் கழற்றி, துப்பாக்கியை மூடி, குழலைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஆட்டம் தெரியக் கூடாது. சிகரெட் தாள் கீற்று ஒன்றைக் குழலுக்கும் முகப்புக்கும் (குழலின் பின்முனை வந்து பொருந்தும் பரப்பு) நடுவே வைத்து மூடினால் அது இறுகப் பிடிபட வேண்டும். தாராளமாக உருவ முடிந்தால் மூட்டு தேய்ந்துவிட்டது. முகப்பில் ஊசித் துளைகளைச் சுற்றிக் குழிகள் இருந்தால், வாயு கசிந்து அரித்திருக்கிறது. திருகுகளையும் பாருங்கள். இங்கிலீஷ் திருகுகளின் பள்ளம் நூல்போல் மெல்லியது. அது கிழிந்திருந்தால் சாதாரண ஸ்குரூடிரைவர் உள்ளே போய்வந்திருக்கிறது.

பாதுகாப்புப் பொத்தானை, ஸ்னாப் கேப் எனப்படும் போலித் தோட்டா போட்டுச் சோதியுங்கள். பொத்தான் பூட்டிய நிலையில் இரண்டு விசைகளையும் அழுத்தி இழுத்து விடுங்கள். பிறகு பொத்தானை முன்னே தள்ளும்போது சுத்தி விழுந்தால் உள்ளே கொண்டி தேய்ந்திருக்கிறது. அடுத்து, அடிக்கட்டையை ரப்பர் விரிப்பில் நன்றாக ஒரு தட்டு. எதுவும் விழக் கூடாது. பெரும்பாலான துப்பாக்கிகளில் அந்தப் பொத்தான் விசையை மட்டுமே தடுக்கிறது, சுத்தியைத் தடுப்பதில்லை. நடக்கும்போது திறந்து வைத்திருப்பதே உண்மையான பாதுகாப்பு.

எஜெக்டர் (சுட்ட கூட்டைத் தானே வெளியே தள்ளும் பாகம்) உள்ளதை வாங்குவதா, இல்லாததையா? இல்லாததையே வாங்குங்கள். உதிரிபாகம் செய்து கொடுக்க ஆள் அரிதான ஊரில், ஆன்சனும் டீலியும் 1875-இல் காப்புரிமை பெற்ற எளிய பாக்ஸ்லாக் (சுடும் பொறி உடற்பகுதிக்குள்ளேயே அடங்கியது) அமைப்பு எத்தனையோ வருடம் உழைக்கும்.

சுடும்போது

குறிசுடும் களத்தில், 28 கிராமுக்கு மேற்படாத ஈயத் தோட்டாவோடு, ஒரு குழலில் ஒன்று மட்டும் போட்டுத் தொடங்குங்கள். காதுக்கும் கண்ணுக்கும் காப்பு வேண்டும். ஒவ்வொரு தடவையும் வெற்றுக் கூட்டை எடுத்துப் பாருங்கள்: பித்தளை உப்பியிருந்தாலோ, விளிம்போரம் கறுத்திருந்தாலோ, கேப்பில் (ஊசி அடிக்கும் இடம்) ஓட்டை விழுந்திருந்தாலோ அன்றைக்கு நிறுத்திவிட்டுப் பழுதுபார்ப்பவரிடம் போங்கள். எஃகுக் குண்டுத் தோட்டா வேண்டவே வேண்டாம். ஈயம்போல் அது நசுங்காது, இறுக்கமான பழைய சோக்கை (குழல் வாயருகே உள்ள ஒடுக்கம்) உப்பவைக்கும். 1875 முதல் 1887 வரையிலான சில குழல்களில் "நாட் ஃபார் பால்" என்று பொறித்திருக்கும். ஒற்றைக் குண்டு அதில் போகக் கூடாது என்று பொருள்.

முன்விசை வலக்குழலையும் பின்விசை இடக்குழலையும் இயக்கும். பொதுவாக இடக்குழலில்தான் சோக் இறுக்கம். அதை அறிய, 40 கஜத்தில், அதாவது 36 மீட்டருக்குச் சற்று மேல், 1.2 மீட்டர் சதுரத் தாளைக் கட்டிச் சுட்டு, அடர்த்தியான இடத்தை நடுவாக வைத்து 76 செ.மீ வட்டம் போட்டு ஓட்டைகளை எண்ணுங்கள். இங்கிலீஷ் 6-ஆம் எண் ஈயம் 28 கிராமில் ஏறக்குறைய 270 குண்டுகள். வட்டத்துக்குள் 190 அளவில் விழுந்தால் முழுச் சோக், 160 என்றால் அரைச் சோக், 135 என்றால் இம்ப்ரூவ்டு சிலிண்டர் எனப்படும் தளர்ந்த சோக். ஒரே தாளை வைத்து முடிவு கட்டாமல் குழலுக்கு ஐந்து தடவையாவது சுட்டுச் சராசரி எடுங்கள். அமெரிக்க 6-ஆம் எண் குண்டு சற்றுப் பெரியது, ஆகவே பெட்டியில் மி.மீ அளவைப் பார்த்துக் கணக்கிடுங்கள்.

நம் ஊர் ஈரம்

பினாங்கின் உப்புக்காற்றும் கிள்ளான் பள்ளத்தாக்கின் மாலை மழையும் துப்பாக்கிக்கு எதிரி. சுட்ட அன்றே சுத்தம் செய்ய வேண்டும். முதலில் காகிதத் துண்டைச் சுருட்டிக் குழலில் தள்ளிக் கரியை எடுங்கள். பிறகு கரைப்பானோடு பாஸ்பர் பிரான்ஸ் தூரிகை, அடுத்து உலர்ந்த துணி, கடைசியாக மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. பழைய இருப்புத் தோட்டாவில் குளோரேட் கேப் இருந்தால் அது விட்டுச்செல்லும் உப்பு எண்ணெயில் கரையாது. அப்போது கொதிநீர் ஊற்றிக் கழுவி, நன்றாக உலர்த்திய பிறகே எண்ணெய்.

கை வியர்வை பட்ட வெளிப்புறத்தையும் துடையுங்கள். தோல் உறையிலோ துணி உறையிலோ ஒரு இரவுகூட விட்டுவைக்காதீர்கள். உறை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரும்புப் பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு, நிறம் மாறியதும் உலர்த்திப் போடுங்கள். துப்பாக்கியை வாய் கீழாக நிறுத்துங்கள். வாய் மேலாக நிறுத்தினால் எண்ணெய் வழிந்து உடற்பகுதிக்குள் இறங்கி, கட்டையின் தலைப்பகுதியை ஊறவைத்து மென்மையாக்கும். ஊறிய மரம் அதிர்ச்சியைத் தாங்காமல் கைப்பிடியருகே விரியும். வாங்கும்போதே அந்த இடத்தைச் சாக்பீஸ்பொடி தேய்த்துப் பார்க்கலாம்: ஒரு மணி நேரத்தில் பொடி பழுப்பாகிவிட்டால், எண்ணெய் உள்ளே வெகுதூரம் போயிருக்கிறது.