பந்தை விட்டு ஆட்டக்காரரைப் பார்த்தேன்

கூடைப்பந்து பார்க்கும்போது கண் பந்தின் பின்னாலேயே ஓடிவிடுவதால், ஓர் ஆட்டக்காரர் அந்த நொடியில் ஏன் அப்படி முடிவெடுத்தார் என்பது எனக்குப் பிடிபடாமலே இருந்தது. ஆகவே, அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்பிஏவின் 2023 இறுதிச்சுற்றின் பதிவுகளில் டென்வர் நகெட்ஸ் அணியின் நிக்கோலா யோக்கிச்சை மட்டும், பந்து அவரிடம் இல்லாதபோதும், விடாமல் பார்த்தேன்.

மயாமி ஹீட் அணிக்கு எதிரான முதல் ஆட்டத்தின் முற்பாதியில் அவர் கூடையை நோக்கி எறிந்தது 3 முறைதான், அசிஸ்டுகளோ (சகா புள்ளி எடுக்க நேரடியாக உதவும் பாஸ்கள்) 10. பந்து கைக்கு வருமுன்பே மூலைகளை ஒருமுறை நோட்டம் விடுவதையும், இரண்டாவது தடுப்பாளரின் கால் தன் பக்கம் நகரும்வரை பந்தைத் தலைக்குமேல் பிடித்துக் காத்திருந்து, அந்தத் தடுப்பாளர் விட்டுவந்த இடத்துக்கே பாஸ் கொடுப்பதையும் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தபோதுதான் கவனித்தேன்.

இரண்டாம் ஆட்டத்தில் அவர் 41 புள்ளிகள் எடுத்தும் அசிஸ்டுகள் 4 மட்டுமே. நகெட்ஸ் 108–111 எனத் தோற்றது. அவர் தன்னலமாக ஆடினார் என்று சொல்ல மாட்டேன். சகாக்களுக்குப் பாஸ் போகும் வழிகளை ஹீட் அடைத்துவைத்ததால், எஞ்சியிருந்த வழியை அவர் எடுத்துக்கொண்டார் என்றே எனக்குப் படுகிறது. கேமரா பந்தை மிக நெருங்கிக் காட்டும் இடங்களில் மட்டும் ஒருவரையே பின்தொடர்ந்து பார்க்கும் இந்த வழி உதவுவதில்லை.