பயாஸ் புதுப்பிப்பு பாதியில் நின்ற எச்.பி. மடிக்கணினியை மீட்க

பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) புதுப்பிப்பு தடைபட்டு, விசிறி மட்டும் சுழன்று, திரை கறுப்பாகவே இருந்தால், மதர்போர்டை மாற்றச் சம்மதிப்பதற்கு முன் இதைக் கட்டாயம் செய்து பாருங்கள். எச்.பி. மடிக்கணினிகள் பலவற்றில் அவசர மீட்பு வசதி உள்ளேயே இருக்கிறது. கணினியை அணைத்து, சார்ஜரை இணைத்து, விண்டோஸ் விசையையும் ‘பி’ (B) விசையையும் சேர்த்து அழுத்திக்கொண்டே பவர் பொத்தானை 2 முதல் 3 விநாடிகள் அழுத்தி, பிறகு அந்தப் பொத்தானை மட்டும் விடுங்கள்; மீட்புத் திரை தோன்றும்வரை அல்லது பீப் ஒலி கேட்கும்வரை மற்ற இரண்டையும் விட வேண்டாம். திரை சுமார் 40 விநாடிகள் வெறுமையாக இருக்கலாம், பதறி அணைத்துவிடாதீர்கள். பலனில்லையெனில், வேறொரு கணினியில் உங்கள் மாடலுக்கே உரிய பயாஸ் கோப்பை எச்.பி. தளத்திலிருந்து பதிவிறக்கி, அதை இயக்கி, மீட்பு பென் டிரைவ் ஒன்றை உருவாக்கி, அதைச் செருகிய நிலையில் மீண்டும் முயலுங்கள்.