சாய்ந்து உட்கார்வதில் உள்ள ‘சாய்’: ஒரு வினைச்சொல்லின் வேரைத் தேடும் முறை

‘சாஞ்சு உக்காரு’ என்றால் குழந்தைக்கும் புரியும். அந்தச் ‘சாய்’ எங்கிருந்து வந்தது என்று தேட ஒரு நோட்டும் இரண்டு அகராதிகளும் போதும். ஒன்று சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி (1924–1936, ஆறு தொகுதிகள்). மற்றது பர்ரோ, எமனோ தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதி (1961, இரண்டாம் பதிப்பு 1984). சிகாகோ பல்கலைக்கழகத்தின் மின் அகராதித் தளத்தில் இரண்டையும் இலவசமாகப் பார்க்கலாம்.

படி 1: வாய்பாட்டை எழுதுங்கள்

சாய்ந்தான், சாய்கிறான், சாய்வான்: இது தானே சாய்வது. சாய்த்தான், சாய்க்கிறான், சாய்ப்பான்: இது வேறொன்றைச் சாய்ப்பது. பேச்சில் சாஞ்சான், சாச்சான். காய்ந்தது ‘காஞ்சது’ ஆனதும் பாய்ந்தது ‘பாஞ்சது’ ஆனதும் இதே வழியில்தான். பள்ளிக்கூடப் பாடம் மாதிரி இருக்கிறதே என்று இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். ஐந்தாம் படியில் இதுதான் கைகொடுக்கும்.

படி 2: பத்து வாக்கியமாவது சேருங்கள்

சுவரில் சாய்ந்தான். காற்றில் நெல் சாய்ந்தது. பொழுது சாய்ந்தது. கட்டையைச் சாய்த்தான். நடுவர் ஒரு பக்கம் சாய்கிறார். ஒரே அடியில் ஆளைச் சாய்த்தான். ‘நீ பெருசா என்னத்தைச் சாய்ச்சே?’

இவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று பிடிபடும்: ‘பின்னால்’ என்கிற திசை இந்தச் சொல்லுக்குள் கிடையாது. நெல் எந்தப் பக்கமும் சாயும். எல்லா வாக்கியத்துக்கும் பொதுவாக நிற்பது, நேராக இருந்தது நிமிர்வை விடுவது மட்டுமே. திசையைச் சொல்ல ‘பின்னால்’, ‘ஒரு பக்கம்’ என்று தனிச்சொல் வேண்டும். எது தாங்குகிறது என்பதைச் சுவரில், தோளில், தூணோடு என்று உருபுதான் சொல்கிறது. ‘சாய்தல் என்றால் முதுகைப் பின்னால் கொடுத்தல்’ என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டு, பிறகு பொழுது எப்படிச் சாய்கிறது என்று திணறுவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை.

பெயர்ச்சொற்களையும் குறித்துக்கொள்ளுங்கள்: சாய்வு, சாய்மானம், சாய்தளம், சாய்கோடு, வீட்டுச் சுவரை ஒட்டி இறக்கும் ஒருபக்கக் கூரையான சாய்ப்பு, செல்வாக்கைக் குறிக்கும் சாய்கால். இலங்கையில் சாய்வு நாற்காலிக்குச் சாய்மனைக் கதிரை என்று பெயர். அதில் ‘கதிரை’ போர்த்துக்கீசியச் சொல், ‘சாய்’ நம்முடையது.

படி 3: பழைய அடுக்கு

பேரகராதியில் ‘சாய்-தல்’, ‘சாய்-த்தல்’ என்று வினைகள் தனித்தனியாக நிற்கும். கோரைப்புல், அழகு என்று பொருள்படும் பெயர்ச்சொல்லான ‘சாய்’ வேறு. அதை இந்த வினையோடு கலக்காதீர்கள்.

சங்க நூல்களில் தேடும்போது ‘சாய்’ என்று மட்டும் தட்டினால் பல இடங்கள் தப்பிவிடும். அளபெடையோடு ‘சாஅய்’ என்றும் தேட வேண்டும். தொல்காப்பிய உரியியல் இப்படிச் சொல்கிறது: ‘ஓய்தல் ஆய்தல் நிழத்தல் சாஅய் ஆவயின் நான்கும் உள்ளதன் நுணுக்கம்.’ இருந்தது குறைந்து நுணுகுவது என்று பொருள். பிரிவால் மெலிந்த தலைவியைப் பாடும் இடங்களில் வரும் ‘சாஅய்’ இந்தப் பொருளில்தான். அதை ‘சாய்ந்து’ என்று படித்தால் பாட்டே புரளும். நிமிர்வு குறைவதும் உடல் குறைவதும் ஒரே சொல்லுக்குள் இருப்பது எனக்கு இயல்பாகவே படுகிறது.

படி 4: உறவு மொழிகள்

சொற்பிறப்பு அகராதி தமிழ் அகரவரிசையில், ரோமன் எழுத்தில் இருக்கும். சகரத்தை அங்கே ‘சி’ என்னும் ஆங்கில எழுத்தால் குறிப்பார்கள். ‘எஸ்’ என்று தேடினால் கிடைக்காது. நெடிலுக்கு மேலே கோடு இருக்கும். அந்த அகராதி மூல வடிவம் எதையும் கட்டிக் காட்டுவதில்லை, இனச்சொற்களை அடுக்கித் தருவதோடு சரி. நாம் ஒப்பிடத் தொடங்க வசதியானது மலையாளம். அங்கே சாயுக என்றால் சாய்வது, சாருக என்றால் ஒன்றின்மேல் சார்ந்திருப்பது. சாய்வு நாற்காலிக்கு அவர்கள் எடுத்தது இரண்டாவதை: சாருகசேர. ஆக, தமிழின் சாய், சார் இரண்டையும் தனித்தனிப் பக்கத்தில் எழுதுங்கள். பொருள் நெருங்கியிருப்பதால் மட்டும் வேர் ஒன்றாகிவிடாது.

படி 5: கழித்துக்கட்டுதல்

சாயங்காலம்: பொழுது சாயும் காலம் என்று விளக்கம் சொல்ல ஆசை வரும். வினைத்தொகையானால் ‘சாய்காலம்’ என்று வர வேண்டும். பெயரெச்சமானால் ‘சாயுங்காலம்’. இரண்டும் இல்லை. வடமொழியில் ‘சாயம்’ என்றாலே மாலை. கோயிலில் சாயரட்சை என்பதும் அதிலிருந்து வந்ததுதான்.

சா: ‘சாய்ந்துவிட்டார்’ என்பதை இறப்புக்கும் சொல்வதால் இரண்டும் ஒன்று எனத் தோன்றும். முதல் படியின் வாய்பாட்டை எடுங்கள். சா என்பதன் இறந்தகாலம் செத்தான், சாய் என்பதற்குச் சாய்ந்தான். சொற்பிறப்பு அகராதியிலும் இவை வேறு வேறு பதிவுகள்.

சாயல்: இதைப் பென்சிலால் எழுதுங்கள். ‘சாயல் மென்மை’ என்கிறது தொல்காப்பியம். ‘சாயலும் நாணும் அவர்கொண்டார்’ என்கிறது குறள் 1183. வடிவம் சாய் + அல் என்று பொருந்துகிறது. ஆனால் மென்மையிலிருந்து ‘அப்பா சாயல்’ என்னும் இன்றைய பொருளுக்கு வருமுன், நிழலைக் குறிக்கும் வடமொழிச் ‘சாயை’ குறுக்கே நிற்கிறது. இடைக்கால நூல்களில் சாயல் எந்தெந்தப் பொருளில் வருகிறது என்று தேதிவாரியாக அடுக்கிய பிறகு மையால் எழுதலாம்.