மோட்சார்ட்டின் வயலின் கான்செர்ட்டோக்கள்: அந்தக் கால வாத்தியப் பதிவுகளை எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?

ஐந்து கான்செர்ட்டோவையும் (தனி வயலினும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் படைப்புகள்) வரிசையாகப் போட்டுக் கேட்காதீர்கள். மோட்சார்ட் 1775 டிசம்பரில் சால்ஸ்பர்கில் எழுதி முடித்த ஐந்தாவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: ஏ மேஜர், கே. 219 (கே. என்பது மோட்சார்ட் படைப்புப் பட்டியலின் எண்). அதிலும் இரண்டே இடங்கள் போதும். ஒன்று, முதல் பகுதியில் தனி வயலின் உள்ளே வரும் இடம். மற்றது, கடைசிப் பகுதியின் நடுவே வரும் துருக்கிய ஆட்டம். நாலைந்து பதிவுகளில் இவ்விரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டாலே, அந்தக் கால வாத்தியத்தில் வாசித்தால் என்ன மாறுகிறது என்பது காதுக்குப் பிடிபட்டுவிடும். ஹெட்போனில் கேளுங்கள். போன் ஸ்பீக்கரில் செல்லோவும் டபுள் பாஸும் சரியாகக் காதில் விழாது. துருக்கிய ஆட்டத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

கேட்கும்போது தந்தியை விட்டுவிட்டு வில்லைக் கவனியுங்கள் என்பதுதான் நான் எல்லோருக்கும் சொல்வது. ஆட்டுக் குடலில் செய்த தந்தி என்றதும் எல்லோருக்கும் ஆர்வம் அங்கே போய்விடுகிறது. எஃகுக் கம்பியைவிட அதன் நாதம் சற்றுச் சொரசொரப்பானது, சூடானது, அது உண்மைதான். ஆனால் வாசிப்பின் நடையையே மாற்றுவது வில். இன்றைய உள்வளைந்த வில், பாரிசில் பிரான்சுவா தூர்த் 1780களில் நிலைநிறுத்திய வடிவம். மோட்சார்ட் இவற்றை எழுதியபோது அது பரவியிருக்கவில்லை. அப்போதிருந்த வில் இலேசானது. நுனியை நெருங்க நெருங்க ஒலி தானாகவே மெலியும். ஒவ்வொரு இழுப்பும் ஒரு சொல்லைப் போல அழுத்தமாகத் தொடங்கி அடங்கும், அடுத்தது பிறக்கும் முன் சிறு இடைவெளி இருக்கும். தூர்த் வில்லில் அடியிலிருந்து நுனிவரை ஒரே கனத்தில் நீட்டி இழுக்கலாம். நீங்கள் ஏற்கெனவே கேட்டிருக்கக்கூடிய 20ஆம் நூற்றாண்டுப் பதிவுகளின் நீண்ட, இடைவெளியில்லாத பாட்டு அப்படி வருவதுதான்.

அடுத்தது விப்ராட்டோ, அதாவது தந்தியில் விரலை அசைத்து ஸ்வரத்தை நடுங்க வைப்பது. மோட்சார்ட்டின் அப்பா லியோபோல்ட் 1756இல் ஆக்ஸ்பர்கில் அச்சிட்ட வயலின் பாடநூலில், தீராத குளிர்காய்ச்சல் கண்டவர்போல ஒவ்வொரு ஸ்வரத்தையும் நடுங்க வைப்பவர்களைக் கடிந்துகொள்கிறார். அவருக்கு அது ஓர் அலங்காரம், வேண்டிய இடத்தில் மட்டும் வைப்பது. கமகம் எங்கே வேண்டும், எங்கே ஸ்வரம் அசையாமல் நிற்க வேண்டும் என்று கேட்டுப் பழகிய நம் காதுக்கு இது எளிதாகவே புரியும். ஸ்ருதியும் சற்று இறங்கியிருக்கும். மோட்சார்ட் காலத்து இசைக்கு இப்போது வழக்கமாக வைப்பது ஏ = 430 (ஏ ஸ்வரத்துக்கு நொடிக்கு 430 அதிர்வு); இன்றைய 440க்கும் அதற்கும் இடையே அரை ஸ்வரத்தில் பாதிகூட இல்லை. 440இல் வாசித்த பதிவைக் கேட்ட கையோடு கேட்டால் மட்டுமே தெரியும், அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

இனி பதிவுகள்; முதலில் வரும் பெயர் வயலின் வாசிப்பவருடையது. முதலில் சைமன் ஸ்டாண்டேஜ், கிறிஸ்டோபர் ஹாக்வுட்டின் அகாடமி ஆஃப் ஏன்ஷியண்ட் மியூசிக். அலட்டல் இல்லாத, நேரான வாசிப்பு. எது என்ன என்று அடையாளம் காண இதுவே நல்லது. அதன்பின் இசபெல் ஃபாவுஸ்ட், இல் ஜார்தினோ ஆர்மோனிகோ குழு, நடத்துபவர் ஜொவான்னி அந்தோனினி (2016). முதல் பகுதியில் ஆர்கெஸ்ட்ரா வேகமாகத் தொடங்கி ஓய்ந்ததும், வயலின் அதே வேகத்தில் வரும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். மோட்சார்ட் அங்கே ஆறே அளவுகளுக்கு (தாள வட்டங்களுக்கு) ஓர் அடாஜியோவை, அதாவது மெதுவான இசையை, வைக்கிறார். கீழே மற்ற வயலின்கள் முணுமுணுக்க, தனி வயலின் நிதானமாக மேலே ஏறுகிறது. ஃபாவுஸ்ட் அந்த ஆறு அளவுகளையும் குரலை உயர்த்தாமல், கிட்டத்தட்ட விப்ராட்டோவே இல்லாமல் வாசிக்கிறார். இதைவிட அழகாக நான் கேட்டதில்லை. அடுத்து வேகம் திரும்பும்போது ஆர்கெஸ்ட்ராவைக் கவனியுங்கள்: தொடக்கத்தில் கேட்ட மெட்டு அடியில் துணையாகப் போய்விட, அதன்மேல் வயலின் புது மெட்டு ஒன்றைப் பாடும். வில் இலேசாக இருந்தால் இரண்டு மெட்டும் தனித்தனியாகக் கேட்கும்.

துருக்கிய ஆட்டத்துக்கும் இதே குழுவைப் பரிந்துரைப்பேன். மினுவெட் என்ற நாகரிகமான நடனத்தின் நடுவே திடீரென ஏ மைனர், இரண்டு எண்ணிக்கைத் தாளம். செல்லோவும் பாஸும் வில்லைத் திருப்பி மரக்கட்டையால் தந்தியைத் தட்ட வேண்டும் என்று மோட்சார்ட் எழுதியிருக்கிறார். அந்தோனினியின் ஆட்கள் தயங்காமல் அடிக்கிறார்கள். சரக்கும் புதிதல்ல, 1772இல் மிலானில் அரங்கேறிய தன் ‘லூச்சோ சில்லா’ ஓபராவுக்கான பாலே இசையிலிருந்து எடுத்துக்கொண்டது.

ஆண்ட்ரூ மான்ஸ், இங்கிலிஷ் கான்சர்ட் (2006): கடைசி மூன்று கான்செர்ட்டோக்கள் மட்டும். தானே வாசித்துத் தானே நடத்துகிறார், ஆகவே வாசிப்பில் நல்ல சுதந்திரம். கார்மிஞோலா, கிளாவ்தியோ அப்பாதோவின் ஆர்கெஸ்ட்ரா மோட்சார்ட் (2008) பறக்கிறது. மற்றவற்றில் ஊறியபின் கேளுங்கள்.

எதை வாங்கினாலும் கடென்சா (ஆர்கெஸ்ட்ரா நிற்க, தனி வயலின் மட்டும் வாசிக்கும் இடம்) யாருடையது என்று பதிவோடு வரும் குறிப்பேட்டில் பாருங்கள். இந்த ஐந்துக்கும் மோட்சார்ட் எழுதிய கடென்சா எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் வயலின் கலைஞர் யோவாக்கிம் எழுதியவற்றைப் பலர் வாசிக்கிறார்கள். குடல் தந்தியில் இவ்வளவு கவனமாக வாசித்துவிட்டு அங்கே மட்டும் நூறு ஆண்டு தாண்டிப் போவது எனக்கு ஒட்டவில்லை. ஃபாவுஸ்டுக்குப் பியானோ கலைஞர் ஆந்த்ரேயாஸ் ஷ்டையர் புதிதாக எழுதித் தந்திருக்கிறார். சுருக்கமானவை, பொருத்தமானவை.

219 பழகியதும் மூன்றாவதின் (கே. 216) அடாஜியோவுக்குப் போங்கள். ஓபோக்கள் எழுந்து போய்ப் புல்லாங்குழல்கள் வரும், வயலின்களுக்கு ஒலியை அடக்கும் மியூட் போட்டிருக்கும், பாஸ் விரலால் மீட்டும். அந்தக் கால மரக்குழலும் குடல் தந்தியும் ஒன்றோடொன்று கரைவதை வேறெங்கும் இவ்வளவு தெளிவாகக் கேட்க முடியாது. அதன்பின் ரேச்சல் போட்ஜர் வாசித்த ஹைடனின் வயலின் கான்செர்ட்டோக்கள் (ஜி மேஜர், சி மேஜர்), ஏஜ் ஆஃப் என்லைட்டன்மென்ட் ஆர்கெஸ்ட்ராவோடு. சி மேஜர், எஸ்டெர்ஹாசி அரண்மனை வயலினிஸ்ட் லூயிஜி தொமசினிக்காக எழுதியது.

பேத்தோவனைக் கடைசிக்கு வையுங்கள். 1806 டிசம்பர் 23இல் வியன்னாவில் ஃபிரான்ஸ் கிளெமென்ட் முதன்முதலில் வாசித்த அந்தக் கான்செர்ட்டோவுக்கு ஸேட்மைர் (வயலின்)–பிரூகன் (நடத்துபவர்) பதிவில் தொடங்கி, கோபாச்சின்ஸ்கயா–ஹெரவேக (2009) பதிவுக்கு வாருங்கள். பேத்தோவன் இதே படைப்பின் பியானோ வடிவத்துக்கு எழுதிய, டிம்பனி முரசும் சேர்ந்துகொள்ளும் கடென்சாவைக் கோபாச்சின்ஸ்கயா வயலினுக்கு மாற்றி வாசிக்கிறார். தோலால் மூடிய டிம்பனியைக் கடினமான குச்சியால் அடிக்கும்போது, முதல் அளவில் தனியாக வரும் அந்த அடிகள் எதற்காக அங்கே இருக்கின்றன என்பதும் விளங்கும்.