சீன வீட்டுக்குப் புத்தாண்டு விருந்தா? மாவு பிசையும்போதே போய்விடுங்கள்

பெய்ஜிங்கில் இருக்கும் நம்மவர்களை, கூட வேலை பார்ப்பவரோ பக்கத்து வீட்டுக்காரரோ சீனப் புத்தாண்டுக்கு முந்தின இரவு சாப்பிடக் கூப்பிடுவதுண்டு. குடும்பம் மொத்தமும் ஒன்றுகூடும் இரவு அது. கூப்பிட்டால் தயங்காமல் போங்கள். ஆறு மணிக்குச் சாப்பாடு என்றால் மூன்று மணிக்கே போய்விடுங்கள். நான் ஐந்து வருஷம் என் பக்கத்து வீட்டுப் பாட்டியோடு இந்த இரவைக் கழித்திருக்கிறேன். சீனாவைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அவர் சமையலறையில், மாவும் கையுமாக நின்றபோது தெரிந்துகொண்டதுதான்.

என்ன வாங்கிப் போவது? ஆப்பிள், ஆரஞ்சு, நல்ல தேயிலை, எதுவானாலும் இரட்டைப்படையில் வாங்குங்கள். ஆனால் நான்கு வேண்டாம், அந்தச் சொல் சாவு என்பதைப் போல ஒலிக்கும். கடிகாரம் கூடவே கூடாது. ‘கடிகாரம் கொடுப்பது’ என்பதும் ‘கடைசிக் காரியம் செய்வது’ என்பதும் சீனத்தில் ஒரே ஓசை. வாசலிலேயே செருப்பு மாற்றித் தருவார்கள், போட்டுக்கொள்ளுங்கள். வயதான பெண்மணியை ‘நைநாய்’, அதாவது பாட்டி, என்றே கூப்பிடலாம். பழைய படங்களில் வரும் ‘தோங்ஜி’, தோழர், இப்போது வீட்டில் யாரும் சொல்வதில்லை. சைவம் என்றால் இரண்டு நாள் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். அன்றைய முக்கியப் பலகாரமான ஜியாவ்ஸியை (பூரணம் வைத்து வேகவைக்கும் சீனக் கொழுக்கட்டை) பூண்டுத்தழையும் முட்டையும் வைத்துச் செய்வார்கள். முட்டையும் ஆகாது என்றால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இனி ஜியாவ்ஸி. அரைக் கிலோ மைதாவுக்குக் கால் லிட்டர் பச்சைத் தண்ணீர். கெட்டியாகப் பிசைந்து, ஈரத்துணி மூடி அரை மணி நேரம் விடுங்கள். முட்டைக்கோஸை (அவர்களுடையது நீளமான வெள்ளைக்கோஸ்) பொடியாக நறுக்கி, உப்பு போட்டுப் பிழிந்து, கொத்திய பன்றி இறைச்சி, இஞ்சி, வெங்காயத்தாள், சோயா சாஸ், நல்லெண்ணெயோடு ஒரே திசையில் கிளற வேண்டும். மாவை எலுமிச்சைக்கும் சிறிய உருண்டையாக்கி, வலது கையில் கட்டையை உருட்டிக்கொண்டே இடது கையால் மாவைத் திருப்புங்கள். நடு தடித்தும் ஓரம் மெலிந்தும் வர வேண்டும், பூரணத்தின் கனத்தைத் தாங்குவது நடுதான். சப்பாத்தி இட்டுப் பழகிய கைக்கு இதுதான் சிரமம், ஓரத்தையும் நடுவையும் ஒரே சமமாக்கிவிடும். மடித்து, முதலில் நடுவை அழுத்தி, பிறகு இரண்டு பக்கமும் ஓரத்தை ஒட்டுங்கள்.

கேள்வி கேட்க இதுதான் நேரம். அரசியலில் ஆரம்பிக்காதீர்கள். “முன்னெல்லாம் இந்த மாவு கிடைத்ததா, நைநாய்?” என்று கேட்டால் போதும். 1955 முதல் 1993 வரை நகரத்தில் தானியம் வாங்கக் கூப்பன் வேண்டும். ஓட்டலில் ஒரு கிண்ணம் நூடுல்ஸ் சாப்பிடவும் காசோடு கூப்பனும் கொடுக்க வேண்டும். வெளியூர் போனால் உள்ளூர்க் கூப்பன் செல்லாது, நாடு முழுக்கச் செல்லும் கூப்பன் தனி. ரேஷனில் ஒரு பங்கு சோளமாவாகவே வரும். பருத்தி ஆலையில் வேலை பார்த்த எங்கள் பாட்டி, வெள்ளை மாவை மாதாமாதம் ஒரு கை எடுத்து வைத்துச் சேர்த்தாராம், இந்த ஓர் இரவுக்காக. 1967-இல் புத்தாண்டு விடுமுறையே இல்லை என்று அரசு அறிவித்தது. அன்றும் வேலைக்குப் போய்விட்டு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு இருபது பிடித்ததாகச் சொன்னார். விடுமுறை திரும்ப வந்தது 1980-இல்.

1959 முதல் 61 வரையிலான பஞ்சத்துக்குப் பேச்சு வந்தால் பாட்டி வாயை மூடிக்கொள்வார். நீங்களும் அடுத்த உருண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். தோண்டிக் கேட்பது பாவம்.

பாட்டிக்கு ஒரே மகள். பேத்தியும் ஒருத்திதான், அவள் கட்டியவனும் ஒற்றைப் பிள்ளை. ஒரு குழந்தைக்கு மேல் கூடாது என்ற சட்டம் 2016-இல் தளர்ந்தாலும், ‘இந்த வருஷம் யார் வீட்டுக்கு’ என்ற சிக்கல் தீரவில்லை. ஒரு வருஷம் இங்கே, ஒரு வருஷம் அங்கே. பேத்தி வராத வருஷங்களில் நான் போனதில் பாட்டிக்கு இருந்த சந்தோஷத்தை நான் மறக்கவே மாட்டேன்.

வேகவைக்கும்போது கொதி வந்ததும் அரை டம்ளர் பச்சைத் தண்ணீர் ஊற்றுங்கள். இப்படி மூன்று முறை. ஏதாவது ஒன்று வாய் பிளந்தால் ‘உடைந்துவிட்டது’ என்று சொல்லிவிடாதீர்கள், அன்றைக்கு அது ஆகாத சொல். ‘ஜெங் ல’ என்பார்கள், சம்பாதித்தது என்று அர்த்தமும் வரும். தொட்டுக்கொள்ளக் காடியும் (வினிகர்), அதில் ஊறிப் பச்சை நிறமான பூண்டும்.

சாப்பாட்டின்போது டிவியில் 1983 முதல் வருஷந்தோறும் நடக்கும் புத்தாண்டுக் கலைநிகழ்ச்சி ஓடும். இளையவர்கள் கைப்பேசியில் வீசாட் என்ற செயலியில் சிவப்பு உறைப் பணத்தைத் தட்டித் தட்டி எடுப்பார்கள். குழந்தைக்கு மட்டும் காகித உறையிலேயே, கசங்காத புது நோட்டாகக் கொடுங்கள். பட்டாசுச் சத்தத்தை எதிர்பார்க்க வேண்டாம், 2022 முதல் பெய்ஜிங் முழுக்கவே தடை.

கிளம்பும்போது பாட்டி ஒரு டப்பாவில் வேகாத ஜியாவ்ஸி தருவார். வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி ஃப்ரீசரில் வையுங்கள், இறுகிய பிறகு பையில் போடலாம். வேகவைக்கும்போது பனி உருக விட வேண்டாம், நேரே கொதிநீரில் போடுங்கள்.