மட்டு மதிப்பு: அக்கா மகளுக்குப் புரிந்த வழி

இரு கோடுகளுக்குள் எழுதும் மட்டு மதிப்பு என்பது, ஓர் எண் பூச்சியத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பதுதான். |3 − 8| எவ்வளவு என்றால் அக்கா மகள் 11 என்றே எழுதுவாள். "கோட்டுக்குள்ள மைனஸ் வந்தா பிளஸ் ஆக்கணும், அவ்வளவுதான மாமா?" மனப்பாட விதி படுத்திய பாடு.

அவளுக்குப் புரிய வைக்க, திருநெல்வேலியில் தாமிரபரணி மேலே, 1843இல் திறந்த சுலோசன முதலியார் பாலத்தின் நடுவைப் பூச்சியமாக வைத்தேன். வண்ணார்பேட்டைப் பக்கம் பிளஸ், ஜங்ஷன் பக்கம் மைனஸ். எந்தப் பக்கம் 5 அடி தள்ளி நின்றாலும் நடுவிலிருந்து தூரம் 5தான். தூரத்துக்கு ஏது மைனஸ்? ஆக, கோட்டுக்குள்ளே 3 − 8ஐ முதலில் கழித்து முடி: −5. பிறகு தூரம்: 5.

2லிருந்து 5 தள்ளியிருக்கும் எண்கள் எவை என்றேன். இரண்டு பக்கமும் நடந்து பார்த்து 7, −3 என்றாள். |−4| = −(−4), அதாவது 4 என்பதும் அப்புறம் அவளை மிரட்டவில்லை.