போல்ட்டை மாற்றும்போது ஹெட்ஸ்பேஸை அளக்கும் முறை

வேறொரு போல்ட் (குழலின் பின்புறத்தை அடைத்துப் பூட்டும் உருளைப் பகுதி) ரைஃபிளுக்குள் தடையின்றிச் சென்று மூடிக்கொண்டால் அது பொருந்திவிட்டதாகப் பலரும் எண்ணிவிடுகிறார்கள். ஆனால் மூடுவது வேறு, பொருந்துவது வேறு. சேம்பருக்குள், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறைக்குள், தோட்டா மேற்கொண்டு நகராமல் நிற்கும் இடத்துக்கும் போல்ட்டின் முகப்புக்கும் இடையிலான தூரமே ஹெட்ஸ்பேஸ். அது மிகுந்துவிட்டால், சுடும்போது பித்தளைக் கூடு பின்னோக்கி இழுபட்டு, அடிப்பகுதிக்குச் சற்று மேலே கிழிந்து, கொதிக்கும் வாயு சுடுபவரின் முகத்தை நோக்கிப் பீறிடக்கூடும்.

முதலில் மேகசினும் சேம்பரும் காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். பிறகு போல்ட்டிலிருந்து ஃபயரிங் பின், ஸ்பிரிங், எஜெக்டர் (கூட்டை வெளியே தள்ளுவது), எக்ஸ்ட்ராக்டர் (கூட்டைப் பிடித்து இழுப்பது) ஆகியவற்றைக் கழற்றிவிடுங்கள். அவை, தோட்டாவுக்குப் பதிலாகச் சேம்பரில் வைக்கும் அளவுத் துண்டான கேஜைத் தள்ளிக்கொண்டிருந்தால் கைப்பிடி தரும் உணர்வை நம்ப முடியாது. சேம்பரை நன்கு துடைத்தெடுங்கள், ஏனெனில் அங்கே ஒட்டியிருக்கும் சிறு பிசுக்குகூட அளவை மாற்றிவிடும்.

.308 வின்செஸ்டர் வகைத் தோட்டாவுக்கு ‘கோ’ கேஜின் அளவு 1.630 அங்குலம், ‘நோ-கோ’ 1.634, ‘ஃபீல்டு’ 1.638. அடுத்தடுத்த கேஜ்களுக்கு இடையே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் வேறுபாடு என்பதால், கைப்பிடியை இரண்டு விரல்களால் மட்டுமே பிடித்து மெதுவாக இறக்குங்கள். ‘கோ’ மீது அது இலகுவாக முழுவதும் இறங்க வேண்டும். ‘நோ-கோ’ மீது பாதியிலேயே நின்றுவிட வேண்டும். அழுத்தி மூட முயலாதீர்கள்: லக்குகளின் (போல்ட்டைப் பூட்டும் புடைப்புகள்) சரிவு தரும் நெம்பு விசை கேஜையும் சேம்பரையும் சிதைக்கப் போதுமானது. ‘ஃபீல்டு’ மீதும் மூடிக்கொள்ளும் ரைஃபிளைச் சுடவே கூடாது.

அடுத்து லக்குகளின் பின்புறம் மார்க்கர் மை பூசி, போல்ட்டைப் பின்னோக்கி இழுத்துப் பிடித்தபடி பலமுறை மூடித் திறந்து பாருங்கள். ஒரு லக்கில் மட்டும் மை அழிந்திருந்தால், முழு அழுத்தத்தையும் அது ஒன்றே தாங்கப்போகிறது என்று பொருள். அந்நிலையில் அரத்தை எடுக்காதீர்கள்; பழைய போல்ட்டுகள் பலவற்றில் கடினப்படுத்தப்பட்ட மேற்பரப்பு மெல்லியது, மேலும் லக்கின் பின்புறம் தேயத்தேய ஹெட்ஸ்பேஸ் கூடிக்கொண்டே போகும்.

லீ-என்ஃபீல்டு எண் 4 ரைஃபிள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. அதன் போல்ட் தலை தனியாகத் திருகிக் கழற்றக்கூடியது; 0 முதல் 3 வரை எண் ஏற ஏற நீளமும் கூடுவதால், தேவையான தலையைத் தேர்ந்து மாற்றிக்கொள்ளலாம். மௌசர் 98-இல் இது இயலாது. அங்கே அளவு தவறினால், வேறு போல்ட்டைத் தேடுவதா, குழலையே கழற்றிச் சேம்பரைத் திருத்துவதா என்பதைத் தேர்ந்த துப்பாக்கித் தொழிலாளியிடம் விட்டுவிடுங்கள்.